ஆடாத பால் பல், ஆடியும் விழாத பால் பல்: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

பால் பல் பற்றிப் பெற்றோர் சொல்லும் குறை இரண்டுதான். "வயசாகியும் பல் ஆடவே இல்லை" என்பது ஒன்று. "ஒரு மாசமா ஆடுது, விழ மாட்டேங்குது" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பலர் செய்வது ஒரே காரியம்: பிடித்து இழுத்துப் பார்ப்பது.

நானும் செய்தேன். மூத்த மகளுக்குக் கீழ் முன்பல் லேசாக ஆடத் தொடங்கிய அன்றே விரலால் பிடித்து ஓர் இழுப்பு. பல் வரவில்லை, ரத்தமும் அலறலும்தான் வந்தன. அதன்பின் மூன்று வாரம் அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோகவே விடவில்லை. ஈறு வீங்கியது, தானாக விழுந்திருக்க வேண்டிய பல் ஒன்றரை மாதம் இழுத்தடித்தது. இளையவனுக்கும் அக்கா பிள்ளைகளுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்ததில் கிடைத்த வரிசை இது. முதல் ஐந்து படிகளில் பல்லை இழுக்கும் வேலையே கிடையாது.

1. தொடங்கும் முன்

ஒரு டார்ச், கொஞ்சம் சுத்தமான காஸ் துணி, செல்போன் கேமரா. இவ்வளவு போதும். குழந்தையை உங்கள் மடியில் தலை இருக்கும்படி மல்லாக்கப் படுக்க வையுங்கள். நின்றபடி வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு மறைக்கும், பல்லின் பின்பக்கம் தெரியாது. நாம் பார்க்க வேண்டியதே அந்தப் பின்பக்கம்தான்.

மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே கோணத்தில் மறுபடியும் எடுங்கள். "போன மாசமும் இப்படித்தான் இருந்ததோ?" என்ற குழப்பம் எல்லா வீட்டிலும் வரும். நினைவை நம்புவதைவிடப் படத்தை நம்பலாம்.

குழந்தைக்கு ரத்தம் உறையாத கோளாறு, இதய நோய், புற்றுநோய் சிகிச்சை, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து என ஏதாவது இருந்தால், இந்த வழிகாட்டியில் பல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல்லை எடுக்கும் பேச்சை மருத்துவரிடம்தான் தொடங்க வேண்டும். சாதாரணக் குழந்தைக்குப் பத்து நிமிடத்தில் நிற்கும் ரத்தம் இவர்களுக்கு நிற்காமல் போகலாம். சில இதய நோய்களில் பல் எடுக்கும் முன்பே கிருமிக்கொல்லி மருந்து தர வேண்டியிருக்கும்.

2. அது பால் பல்தானா என்று எண்ணிப் பாருங்கள்

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். பால் பற்கள் மொத்தம் 20. வாயின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் முன்பற்கள் இரண்டு, கோரைப்பல் ஒன்று, கடைவாய்ப்பற்கள் இரண்டு. ஐந்தோடு பால் பல் முடிந்தது.

ஆறாவதாக ஒரு பல் இருந்தால் அது நிலைப்பல். ஆறு வயதையொட்டி எந்தப் பல்லும் விழாமலேயே, எல்லாவற்றுக்கும் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பது அது. எதுவும் விழாததால் பலர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். சொத்தை வந்தாலும் "எப்படியும் விழப்போற பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பல் விழாது. ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது.

முன்பற்களில் சந்தேகம் வந்தால் விளிம்பைப் பாருங்கள். பால் பல் சிறியது, வெள்ளை வெளேர் என்று இருக்கும், விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும். புதிதாக முளைத்த நிலைப்பல் பெரியது, சற்று மஞ்சள் ஓடியிருக்கும், விளிம்பில் ரம்பம் போல மூன்று சின்ன மேடுகள் தெரியும். பால் பற்களுக்குப் பக்கத்தில் நிலைப்பல் மஞ்சளாகத் தெரிவது இயல்பு. அழுக்கு என்று தேய்க்க வேண்டாம்.

3. வயதைப் பாருங்கள், அதைவிட ஜோடியைப் பாருங்கள்

கீழ் நடு முன்பற்கள் 6 முதல் 7 வயதில் விழும். மேல் நடு முன்பற்கள் ஏறக்குறைய ஓராண்டு பின்னால், பக்கத்து முன்பற்கள் 7 முதல் 9 வயதுக்குள். கீழ்க் கோரைப்பல்லும் முதல் கடைவாய்ப்பற்களும் 9 வயதுக்குமேல். மேல் கோரைப்பல்லும் இரண்டாம் கடைவாய்ப்பற்களும் 10 முதல் 12 வயதில். நடுவே ஒன்றிரண்டு ஆண்டு எதுவுமே விழாத இடைவெளி ஒன்று வரும். எட்டரை வயதுப் பிள்ளையின் கடைவாய்ப்பல் ஆடவில்லை என்று கவலைப்படுபவர்கள் இந்த இடைவெளியில் நிற்பவர்கள்தான்.

இந்த வயதுகள் முன்பின் ஓராண்டு நகரும். முதல் பால் பல் தாமதமாக முளைத்த குழந்தைக்கு விழுவதும் பெரும்பாலும் தாமதமாகும். பெண் பிள்ளைகளுக்குச் சற்று முந்தும்.

அதனால் நான் வயதைவிட ஜோடியை நம்புகிறேன். இடப்பக்கம் விழுந்த பல்லுக்கு வலப்பக்கத்தில் ஒரு ஜோடி இருக்கும். இரண்டும் சில வாரம், சில மாத இடைவெளியில் போய்விடும். ஒன்று விழுந்து, அதன் இடத்தில் புதுப்பல்லும் முளைத்து, ஆறு மாதம் ஆகியும் மற்றது அசையவே இல்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நேரம். எட்டு வயதாகியும் ஒரு பல்கூட விழவில்லை என்றாலும் அப்படியே.

4. எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்

விரலை நன்றாகக் கழுவி, பல்லின் முன்னாலும் பின்னாலும் லேசாகத் தொட்டு அசையுங்கள். இழுக்க வேண்டாம், அசைவைப் பார்த்தால் போதும். நான் மூன்றாகப் பிரிப்பேன்: அசைவே இல்லை, நூலளவு அசைகிறது, நாக்காலேயே படுக்க வைக்க முடிகிறது.

கீழே வளரும் நிலைப்பல் மேலே நகரும்போது பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. நூலளவு அசையும் பல்லில் இன்னும் நல்ல நீள வேர் இருக்கும். அதை இழுத்தால் வலிக்கும், ரத்தம் வரும், வேர் பாதியில் முறியலாம். படுக்கும் அளவுக்கு ஆடும் பல்லில் வேரே இருக்காது, ஈறுதான் பிடித்துக்கொண்டிருக்கும். விழுந்த பல்லைத் திருப்பிப் பார்த்தால் தொப்பி மாதிரி உள்ளே குழிந்திருப்பது இதனால்தான்.

கடைவாய்ப்பல்லின் கணக்கு வேறு. கீழ் வரிசைப் பால் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர், மேல் வரிசையில் மூன்று வேர். நடுவில்தான் புதுப்பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கும். எல்லா வேரும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கரைந்து மறுபக்கம் மாட்டிக்கொண்டால் பல் கதவுக் கீல் மாதிரி ஒரு பக்கமாக மட்டும் திறந்து மூடும். ஆட்டம் அதிகம் போலத் தெரியும், ஆனால் வராது. இப்படிப்பட்ட பல்லோடு வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம்.

எங்காவது விழுந்து, அடிபட்டு ஆடத் தொடங்கிய பல் இந்தக் கணக்கிலேயே வராது. ஐந்து வயதுக்கு முன், அடி எதுவும் படாமல் பல் ஆடினாலும், வேரோடு முழுசாக விழுந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த வயதில் வேர் கரைந்திருக்கக் கூடாது.

5. பின்னால் புதுப்பல் முளைத்திருக்கிறதா?

டார்ச்சை அடித்து, நாக்கைத் தூக்கச் சொல்லிக் கீழ் முன்பற்களுக்குப் பின்னால் பாருங்கள். பல குழந்தைகளுக்குப் பால் பல் விழும் முன்பே அங்கே வெள்ளையாக எட்டிப் பார்க்கும். இரண்டு வரிசைப் பல் என்று பதறிப்போவார்கள். கீழ் நிலைப்பற்களின் மொட்டு பால் பல்லுக்கு நேர் கீழே இல்லாமல் நாக்குப் பக்கமாகவே இருப்பதால் இது அடிக்கடி நடக்கும்.

பால் பல் ஓரளவு ஆடினால் அவசரமில்லை. இரண்டு மூன்று மாதம் தினமும் ஆட்டவிடுங்கள். பால் பல் போனதும் நாக்கே புதுப்பல்லை முன்னால் தள்ளும். இடம் இருந்தால் வரிசையில் வந்து சேரும், பல்லை முன்னே இழுக்கக் கம்பியோ கிளிப்போ அப்போதே தேவைப்படாது.

பால் பல் அசையவே இல்லை, புதுப்பல் பாதிக்குமேல் வளர்ந்துவிட்டது என்றால் டாக்டரிடம் போங்கள். புதுப்பல் வழிமாறிப் போனதால் பால் பல்லின் வேரைக் கரைக்கும் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

மேல் முன்பல் பின்னால் முளைத்தால் நான் காத்திருக்க மாட்டேன். வாயை மூடும்போது அது கீழ்ப் பற்களுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்ட பல்லை நாக்கால் முன்னே தள்ள முடியாது.

6. நன்றாக ஆடும் பல்லுக்கு வீட்டில் செய்ய வேண்டியது

ஆட்டும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். வலி எங்கே தொடங்குகிறது என்று அதற்குத்தான் தெரியும், அங்கே தானாக நிறுத்திக்கொள்ளும். நம் விரலுக்கு அது தெரியாது. நாக்கால் முன்னும் பின்னும் தள்ளுவது, கழுவிய விரலால் பக்கவாட்டில் அசைப்பது, தினமும் நாலைந்து முறை. சாப்பிடும்போது அந்தப் பக்கத்தைத் தவிர்க்காமல் கொஞ்சம் கடினமானதையும் மெல்லச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில் காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பல் அல்ல, துலக்காமல் விடுவது. ஆடும் பல்லில் பிரஷ் பட்டால் கூசும் என்று குழந்தை அந்த இடத்தை விட்டுவிடும். உணவு சேர்ந்து ஈறு சிவந்து வீங்கும். வீங்கிய ஈறு தொட்டாலே வலிக்கும், அதனால் ஆட்டுவதும் நின்றுபோகும். பல் "விழ மறுக்கிறது" என்று நாம் சொல்லும் பல நேரங்களில் உள்ளே நடப்பது இந்தச் சுற்றுதான். மென்மையான பிரஷ்ஷை வெதுவெதுப்பான நீரில் நனைத்து நீங்களே துலக்கிவிடுங்கள், சாப்பிட்டதும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு நாளில் வீக்கம் வடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கும்.

நூல் கட்டிக் கதவில் இழுப்பது வேண்டவே வேண்டாம். நூல் ஈறுக்குள் இறங்கி அறுக்கும். இழுப்பின் வேகத்தையும் திசையையும் யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அதைவிடப் பெரிய நஷ்டம், அடுத்த 19 பல்லுக்கும் குழந்தை உங்களிடம் வாயைத் திறக்காது.

7. எடுக்கும் நிமிடம்

மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் எடுக்கலாம்: பல் எல்லாப் பக்கமும் படுக்கிறது, அசைக்கும்போது குழந்தைக்கு வலி இல்லை, குழந்தையே "எடுத்துவிடு" என்கிறது. மூன்றாவதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள்.

மாலையில், தூங்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு எடுங்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். படுக்கும் நேரத்திலும் வேண்டாம். ரத்தம் நின்றதா என்று பார்க்க நேரம் வேண்டும்.

இந்த முறை குழந்தை படுக்க வேண்டாம், உட்கார்ந்து தலையைச் சற்று முன்னால் சாய்க்கட்டும். நழுவினாலும் பல் தொண்டைக்குப் போகாமல் வெளியே விழும். பல்லின் மேல் காஸ் துணியைப் போர்த்திப் பிடியுங்கள். வெறும் விரல் எச்சிலில் வழுக்கும். நேராக மேலே இழுக்காமல், முன்னால் மெல்லச் சாய்த்து லேசாகத் திருகுங்கள். ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் ஈறு அந்தத் திருகலில் விட்டுவிடும்.

ஒரே முயற்சி. வரவில்லை என்றால் இன்னும் நாளாகவில்லை என்று பொருள். இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

8. ரத்தம், வேர்த்துண்டு, விழுங்கிய பல்

காஸ் துணியை மடித்து, குழியின் மேல் வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொரு முறையும் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடும். எச்சிலோடு கலந்த ரத்தம் பார்வைக்கு அதிகமாகவே தெரியும், பயப்பட வேண்டாம். அரை மணி நேரம் விடாமல் அழுத்தியும் வழிந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்று முழுக்க வேகமாகக் கொப்பளிக்கவும், ஸ்ட்ராவில் உறிஞ்சவும் வேண்டாம். இரண்டுமே உறைந்த ரத்தத்தைப் பெயர்த்துவிடும். வலித்தால் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் மட்டும் தரக்கூடாது. ரேய் சிண்ட்ரோம் என்று மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய்க்கும் குழந்தைகளுக்குத் தரும் ஆஸ்பிரினுக்கும் தொடர்பு உண்டு.

குழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தால் நோண்டாதீர்கள். அது பெரும்பாலும் புதுப்பல்லின் முனைதான். முறிந்த வேரின் சிறு துண்டாக இருந்தாலும் தானாகக் கரையும், அல்லது வெளியே வரும். நோண்டினால் கீழே இருக்கும் புதுப்பல்லைத்தான் காயப்படுத்துவோம்.

பல்லை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். விழுங்கியதும் இருமல் நிற்கவில்லை, மூச்சு இரைக்கிறது என்றால் பல் மூச்சுக்குழாயில் இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

9. அசையவே அசையாத பல்: கீழே என்ன இருக்கலாம்

இங்கே வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. மேலே இருந்து பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் இது, எக்ஸ்ரேதான் சொல்லும்.

சிலருக்கு நிலைப்பல்லே உருவாகியிருக்காது. ஞானப்பல்லை விட்டுவிட்டால், இப்படி அதிகம் காணாமல் போவது கீழ் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லும் (இரண்டாம் பால் கடைவாய்ப்பல் விழுந்த இடத்தில் வர வேண்டிய நிலைப்பல்) மேல் பக்கவாட்டு முன்பல்லும். பின்னால் வாரிசு இல்லாத பால் பல்லை எடுத்துவிட்டால் அங்கே வெறும் இடம்தான் மிஞ்சும். நல்ல நிலையில் இருந்தால் அதைக் காப்பாற்றுவார்கள். நடுவயது வரைகூட உழைக்கும். முதலில் எக்ஸ்ரே, பிறகே எடுப்பது என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இன்னொன்று, பல் தாடை எலும்போடு ஒட்டிப்போவது. பக்கத்துப் பற்கள் வளர வளர இது மட்டும் படி இறங்கியதுபோலத் தாழ்ந்து நிற்கும். கீழ்ப் பால் கடைவாய்ப்பல்லில் அதிகம் வரும். பக்கத்துப் பற்கள் அதன்மேல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தாழ்வு கூடிக்கொண்டே போனால் தள்ளிப்போட வேண்டாம்.

கூடுதலாக முளைத்த ஒரு பல் வழியை மறிக்கலாம். இட நெருக்கடி இருக்கலாம். வேர் சிகிச்சை செய்த பால் பல் சில நேரம் மெதுவாகக் கரையும். பல பற்கள் சேர்ந்து தாமதமானால் தைராய்டு போன்ற உடல் காரணங்களையும் டாக்டர் தேடுவார்.

மேல் கோரைப்பல்லுக்குத் தனி எச்சரிக்கை. பத்து வயதில் அதற்கு மேலே ஈறின் வெளிப்பக்கம் விரலால் தடவினால் ஒரு புடைப்பு தட்டுப்படும்; உள்ளே வரும் நிலைப்பல் அது. ஒரு பக்கம் தட்டுப்பட்டு மறுபக்கம் இல்லை என்றால், அந்தப் பல் அண்ணப் பக்கமாக வழிமாறியிருக்கலாம். 10 முதல் 13 வயதுக்குள் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டால் பல குழந்தைகளுக்கு அது தானாக வழிக்கு வரும். விட்டுவிட்டால் ஈறைத் திறந்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

10. டாக்டரிடம் போகும்போது

எடுத்து வைத்த படங்களையும், ஜோடிப் பல் எப்போது விழுந்தது என்ற தேதியையும் கொண்டுபோங்கள். முடிந்தால் குழந்தைகள் பல் மருத்துவரிடம் போங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: கீழே நிலைப்பல் இருக்கிறதா, அது எந்தத் திசையில் வருகிறது?

சீட்டில் பல்லின் பெயருக்குப் பதில் எண் இருக்கும். முதல் எண் தாடையின் கால் பகுதி: பால் பல்லுக்குக் குழந்தையின் மேல் வலம் 5, மேல் இடம் 6, கீழ் இடம் 7, கீழ் வலம் 8. இரண்டாவது எண் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 75 என்றால் கீழ் இடப்பக்கக் கடைசிப் பால் பல். எடுக்கும் முன் எண்ணையும் பல்லையும் நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். 36 என்று 1 முதல் 4 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது நிலைப்பல்.

"ஊசி போட மாட்டாங்க" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அப்புறம் மரத்துப்போகும்" என்று சொன்னால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். உணர்ச்சி இல்லாததால் குழந்தை விளையாட்டாக உதட்டைக் கடித்து மென்றுவிடும், சாயங்காலம் உதடு புண்ணாகி வீங்கியிருக்கும். மரப்பு போகும்வரை மெல்ல எதுவும் தராதீர்கள், சூடானதும் வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள்.

11. விழுந்த இடத்தைக் கவனியுங்கள்

புதுப்பல் சில வாரத்தில் தெரியலாம், சில மாதமும் ஆகலாம். ஆறு மாதமாகியும் வெறும் ஈறாகவே இருந்தால் காட்டுங்கள்.

பால் கடைவாய்ப்பல்லை அதன் காலத்துக்கு வெகு முன்பே எடுக்க வேண்டி வந்தால், இடத்தைப் பிடித்துவைக்கும் சிறு கம்பி வேண்டுமா என்று அன்றே கேளுங்கள். பின்னால் இருக்கும் அந்த ஆறாவது பல் காலி இடத்தை நோக்கி முன்னால் நகரும். அது நகர்ந்த பிறகு கேட்டால், இழந்த இடத்தை மீட்கத் தனி சிகிச்சை தேவைப்படும்.